டைமண்ட் துரையின் ஓட்டுத் தையல்

இதில் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தியின் அம்மா சொல்லக் கேட்டதுதான். அவர் உவர்மங்கலத்தில், அளக்கரைத் தெருவில் பிறந்தவர். இது நடந்தபோது அவருக்கு ஆறு வயது. அதனால் தான் பார்த்தது எது, பெரியவர்கள் பேசித் தன் காதில் விழுந்தது எது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் பிரிக்கவில்லை. அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

அளக்கரைத் தெருவில் பேச்சிக்கனி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு புருஷன், ஒரு தம்பி, ஒரு தையல் மிஷின். மூன்றில் மிஷின் மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்டது. புருஷன் கொம்பையா அளத்தில் உப்பு வாருகிறவன். காலையில் உப்பு வாரி, மத்தியானம் கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவி, சாயங்காலம் மனு எழுதுவான். மனு ஒன்றேதான். ஊர் அம்மன் கோயில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு தெருவின் மண்டகப்படி, அன்றைக்கு அலங்காரமும் பூசையும் அந்தத் தெருவின் பொறுப்பு, அன்றைக்கு அம்மன் சப்பரத்தில் ஏறி அந்தத் தெருவுக்கே வந்து நிற்பாள். மேலத்தெருவில் தொடங்கிப் பத்துத் தெருவுக்குப் பத்து நாள் போய்விட்டால், பதினோராவது தெருவான அளக்கரைத் தெருவுக்கு நாள் மிச்சமில்லை. சப்பரம் அவர்கள் தெருமுனைக்கு நூறு அடி முன்னாலேயே திரும்பிவிடும். நாற்பது வருஷமாக அந்தத் தெரு ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தது, அதில் கடைசிப் பதினான்கு வருஷத்து மனுக்கள் கொம்பையாவின் கையெழுத்தில் போனவை.

தம்பி வெயிலுமுத்து பதினேழு வயதில் தலையில் இரண்டு உப்பு மூட்டைகளை அடுக்கிக்கொண்டு வாய்க்கால் பலகையின் மேல் ஆடிக்கொண்டே போனதை, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் குஸ்தி நடத்துகிற கான்ட்ராக்டர் பொன்னுரங்கம் பார்த்தார், பார்த்த கையோடு கூட்டிக்கொண்டு போனார். நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் பெயர் டைமண்ட் துரை. நெற்றியில் சுருட்டி விட்ட முடி, தரையைத் தொடும் அங்கி, அங்கி முழுக்க ஜிகினாவும் உடைந்த கண்ணாடிச் சில்லும், ஒரு கையில் பன்னீர்ச் செம்பு, மறு கையில் சீப்பு. மேடை ஏறுமுன் முன்வரிசைக்குப் பன்னீர் தெளிப்பான், எதிராளியின் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லித் தலை வாருவான், பெண்கள் பக்கம் திரும்பி முத்தம் பறக்க விடுவான். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கில் பார்ப்பார்கள். மேலத்தெருக்காரர்களும் கூடாரத்துக்குள் "துரை! துரை!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். வெளியே பார்த்தால் "ஏலே வெயிலு" என்றார்கள்.

உப்பு அம்பாரங்களுக்கு நடுவே இருந்த பொட்டலில் கூடாரம் போட்டு ஆடிய முதல் நாள், முதல் அடி துரையின் வலது கன்னத்தில் விழுந்தது. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. துரையின் கன்னம் சிவக்கக்கூட இல்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இரும்புக்கடைப் பரமசிவத்தின் தலை இடது பக்கம் வெடுக்கென்று திரும்பியது, அவர் வாயிலிருந்து ஒரு கடைவாய்ப் பல் மடியில் விழுந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடிகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அன்றைக்குத் துரை வாங்கிய முழங்கால் உதை வெற்றிலைக்கடைக்காரரின் வயிற்றுக்கும், தூக்கி எறியப்பட்ட வீழ்ச்சி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் இடுப்புக்கும் போய்ச் சேர்ந்தன. துரைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடி விழுந்தது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் அவன் கண்டுகொண்டான். வேறு ஊர்களில் அடி அவன் மேலேயே விழுந்தது, இந்த ஊரில் மட்டும் இப்படி. உப்புக் காற்றினால் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள், அதற்கு மேல் யாரும் அதைத் துருவவில்லை.

துருவ நேரமும் இல்லை, ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஆட்டம் இருந்தது. ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஞாயிறு காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து உடம்பை உருவிவிட்டுக்கொண்டுதான் ஆண்கள் கூடாரத்துக்குப் போனார்கள், இடுப்புக்குப் பின்னால் வைக்கத் தலையணை கொண்டுபோனார்கள், கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் போர்டு வைத்தார்கள், கம்பவுண்டர் திங்கட்கிழமை விடுப்பு எடுப்பதை நிறுத்தினார், டீக்கடையில் "நேத்து ஒமக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பது மழை வருமா என்று கேட்பதைப் போல ஆகிவிட்டது, துரையின் கை முறுக்கு தன் தோளுக்கு வந்ததைச் சொல்லியே தச்சர் தெருவில் ஒருவன் பெண் கட்டினான். ஏழு மாதம் இப்படிப் போனது. எட்டாம் மாதம், பூதாகரமான ஒருவன் துரையைத் தோளில் தூக்கிச் சுழற்றி எறிந்தபோது, கோயில் தர்மகர்த்தாவின் காறை எலும்பு முறிந்தது. அதன் பிறகுதான் ஊர்க்கூட்டம் கூடியது.

குஸ்தியை நிறுத்துவது பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அடியை எப்படிப் பங்கிடுவது என்றுதான் பேசினார்கள். அதற்குள் ஒரு விஷயம் தெரிந்து போயிருந்தது. தட்டார் தெருவில் ஒருவர் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க நேர்ந்து, கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருந்தவர், அந்தக் காப்போடே குஸ்தி பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்; அன்றைய அடி அத்தனையும் அவர் ஒருவருக்கே போயின, வேறு ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. ஆக, ஒரு கையில் காப்புக் கட்டினால் போதும், ஊர் நிம்மதியாகக் கை தட்டலாம். திருவிழா வரிசை அப்படியே குஸ்திக்கும் வந்தது. முதல் ஞாயிறு மேலத்தெரு, அடுத்தது கடைத்தெரு, அப்படியே பத்துத் தெருவுக்கும். காப்புக் கட்டியவருக்கு முன்வரிசையில் தனி நாற்காலி, கழுத்தில் மாலை, துரையின் கையால் முதல் பன்னீர்.

மேலத்தெருவின் ஞாயிற்றுக்கிழமைகளில் துரை ஒரு அடிகூட வாங்காமல் ஜெயித்தான். கடைத்தெருவின் நாளில் இரண்டு அறை, ஒரு தள்ளல். தெரு கீழே போகப் போக அடி கூடிக்கொண்டே போனது. இதை ஊர் தற்செயல் என்று நினைத்தது. பேச்சிக்கனி அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் அங்கிகளைத் தைக்கிறவள் அவள்.

ஜிகினாவில் மிஷின் ஊசி உடைந்துபோகும் என்பதால் அங்கியைக் கையால்தான் தைக்க வேண்டும். துரை ஜெயிக்கிற நாளில் அங்கியைத் தானே கழற்றி, மடித்து, நடுவரின் கையில் கொடுப்பான். தோற்கிற நாளில் எதிராளி அதை முதுகிலிருந்து ஒரே இழுப்பில் கிழித்துக் கூட்டத்தின் மேல் வீசுவான். கிழிகிற அங்கிக்கு நீள நீளமாக ஊசியை ஓட்டி எடுக்கிற ஓட்டுத் தையல் போட வேண்டும், கிழியாத அங்கிக்கு ஊசியைப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கிற கெட்டித் தையல். வெள்ளிக்கிழமை தோறும் தம்பி வந்து, துணியைக் கட்டிலில் போட்டு, இன்ன தையல் என்று சொல்லிவிட்டுப் போவான். மேடையில் நடப்பது முன்கூட்டியே பேசி முடித்தது என்பதைத் தொழிலில் இருக்கிறவன் வெளியே சொல்லக் கூடாது, அவனும் அக்காவிடம் சொன்னதில்லை. தையல் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயிப்பார் என்பது வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரியும், அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

பங்குனி பிறந்து ஒரு புதன்கிழமை, கொம்பையா கோயிலிலிருந்து ஓடி வந்தான்.

"ஏளா பேச்சி! குடுத்துட்டாவ! நம்ம தெருவுக்கும் ஒரு நாள் குடுத்துட்டாவ!"

"சாமிக்கா, குஸ்திக்கா?"

அவன் மூச்சு வாங்கினான். உப்புக் காற்றில் வெந்த நெஞ்சு அவனுக்கு, பத்தடி ஓடினால் விசில் அடிக்கும். "மொதல்ல குஸ்திக்கு. அதுல ஒழுங்கா நின்னுட்டா சாமிக்கும் தந்திருவோம்னு தர்மகர்த்தா வாயாலயே சொன்னாவ. என்னைய நாற்காலியில ஒக்கார வச்சுச் சொன்னாவ."

"நாற்காலியிலயா?"

"முக்காலி. ஆனா ஒக்கார வச்சாவ."

"காப்பு யாரு கைக்கு?"

அவன் தன் வலது கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். "மனு எழுதுன கைக்குத்தான். தெருவே ஒரே வாயா சொல்லிட்டு."

தெரு அன்றைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டது. நம்ம தெருப் பிள்ளை நம்ம தெரு நாளில் ஆடப் போகிறான், அவன் தோற்பானா, ஒரு அடிதான் வாங்குவானா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். பேச்சிக்கனி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துரை வந்தான். அத்தர் வாசனை அவனுக்கு முன்னால் வந்தது. மயில்கழுத்துப் பச்சைப் பட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, சுவர்க் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே சொன்னான்.

"யக்கா, ஓட்டுத் தையல் போதும்."

"ஏல, ஞாயித்துக்கெழம எங்க தெரு நாளு."

"தெரியும்."

"காப்பு ஒங்க அத்தானுக்கு."

சீப்பு நின்றது. "அத்தானுக்கா? வேற ஆளே கெடைக்கலயா இந்தத் தெருவுல?"

"எத்தன அடி பேசிருக்கிய?"

அவன் வாசலைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தொழிலின் வாய்ப்பூட்டை உடைத்தான். "பட்டம் பம்பாய் பூதத்துக்குப் போவுது. பம்பாயாவது ஒண்ணாவது, அவரு ஈரோட்டுப் பக்கம். ஆடு வளக்காரு, நல்ல மனுசன். இருவது வருசமா ஊரூராத் தோத்துட்டு வாறாரு, இந்த ஒரு பட்டத்தத் தாறோம்னு கான்ட்ராக்டர் வாக்குக் குடுத்திருக்காரு. அங்கிய கிழிப்பாரு, மூணு தடவ தூக்கிப் போடுவாரு, நெஞ்சுல ஒக்காருவாரு. அம்புட்டுத்தான். பதமாத்தான் செய்வாரு. அத்தானுக்கு ரெண்டு விலா போவும்."

"அவருக்கு இருக்கதே ரெண்டு விலாதான்ல. ராத்திரி அவரு மூச்சு விடுத சத்தத்த நீ கேட்டிருக்கியா? நீ ஜெயிச்சிரு."

"பேச்ச மீறியா? யக்கா, பேசுனபடி விழுந்தாத்தான் அடி அடி மாதிரி இருக்கும், அடியா இருக்காது. மீறுனா அது குஸ்தியில்ல."

"ஒரு தடவ. ஏன் மொகத்துக்காவ ஒரே ஒரு தடவ."

அவன் சீப்பைப் பையில் வைத்தான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ஓட்டுத் தையல் போடுக்கா" என்று சொல்லிவிட்டு, வாசலில் அவனைப் பார்க்கக் கூடியிருந்த பிள்ளைகளுக்கு முத்தம் பறக்க விட்டபடி போனான்.

அன்று சாயங்காலமே அவள் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இந்தாரும். காப்ப வேற யாருக்காவது விட்டுக்குடும். அவன் தோக்கப் போறான்."

"ஒன் கூடப் பொறந்தவன நீயே சொல்லுதியா? நாக்குல பல்லு படாமப் பேசாத."

"தையல் சொல்லுதுவே! ஓட்டுத் தையல்னா தோப்பான், கெட்டித் தையல்னா ஜெயிப்பான். ஒரு தடவகூட மாறுனதில்ல. எல்லாம் பேசி வச்ச ஆட்டம்."

கொம்பையா சிரித்தான், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சந்தனமாரி அம்மி அரைப்பதை நிறுத்தியிருந்தாள். சத்தம் நின்றதைப் பேச்சிக்கனி கவனித்தாள், ஆனால் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

"பேசி வச்ச ஆட்டம்னே இருக்கட்டும்ளா," என்றான் கொம்பையா. "அடி எனக்குப் புதுசா? அளத்து மேஸ்திரிகிட்ட வாங்கலயா, கோயில் வாசல்ல வாங்கலயா? இம்புட்டு நாளும் சும்மா வாங்குனேன். ஞாயித்துக்கெழம மாலையோட, நாற்காலியில ஒக்காந்து வாங்குதேன். அதத் தடுக்காத."

சனிக்கிழமை முழுவதும் வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து பச்சை அங்கியைத் தைத்தாள். முதுகுத் தையலில் ஓட்டு ஓட்டவில்லை. பின்னால் குத்தி முன்னால் எடுத்து, பின்னால் குத்தி முன்னால் எடுத்து, மூட்டை தைக்கிற நூலை மெழுகில் இழுத்து இரட்டையாகக் கோத்து, தோளில் மூன்று வரிசை, கழுத்துப் பட்டியில் ஏழு வரிசை போட்டாள். அங்கி கிழியாவிட்டால் தம்பி தோற்க முடியாது என்று நினைத்தாள். தோற்கிற நாளில் அங்கி கிழிந்தது, ஜெயிக்கிற நாளில் கிழியவில்லை. இத்தனை மாதம் அவள் பார்த்ததெல்லாம் அதுதான். அதனால் வெற்றி தையலுக்குள் இருக்கிறது என்று அவள் நம்பினாள். மேலே அழகாக ஜிகினா வைத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொம்பையாவுக்குத் தர்மகர்த்தா கையாலேயே மாலை விழுந்தது, ஆனால் காப்பைக் கட்டியது தெருவின் பெரியவர்தான், ஏனென்றால் தர்மகர்த்தா அவன் கையைத் தொட வேண்டியிருக்கும். அவன் முன்வரிசை நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல், படம் எடுக்கப் போகிறவனைப் போல உட்கார்ந்தான். துரை அவன் மேல் பன்னீர் தெளித்தபோது கண்ணைப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. பம்பாய் பூதம் பேசியபடியே உறுமி, பேசியபடியே மேடையைச் சுற்றி வந்து, துரையின் முதுகுப் பக்கம் அங்கியைப் பிடித்து இழுத்தார். அது கிழியவில்லை. கூட்டம் பூதத்தைப் பார்த்துச் சிரித்தது. இரண்டாவது தடவை இரண்டு கையாலும் இழுத்தார். அங்கி கிழியாமல் பூதம்தான் பின்னால் போய் உட்கார்ந்தார். "ஏ பூதம், எங்க ஊரு நூலுவே அது! ஒன் வேட்டி பத்திரம்!" என்று எவனோ கத்த, கூடாரமே அதிர்ந்தது. துரை குனிந்து தோள் தையலைத் தடவிப் பார்த்தான். பிறகு பெண்கள் பக்கத்தில் அக்காவைத் தேடிப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

துரை பூதத்தைத் தூக்கித் தரையில் அடித்தான்.

கொம்பையா நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினான். அளக்கரைத் தெரு முழுவதும் எழுந்து நின்றது. தரையில் கிடந்த பூதம், முகத்தைத் திருப்பாமல், மேடைக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்: "ஏனுங் தம்பி, பேசுன பேச்சு என்னாச்சுங்?"

"மன்னிச்சிருங்கண்ணே," என்றான் துரை.

இருபது வருஷம் பேச்சுக்குக் கட்டுப்பட்டு விழுந்து விழுந்து எழுந்த மனுஷன் அவர். அன்றைக்கு அவர் எழுந்தபோது உறுமவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, முகத்தில் எந்த வேஷமும் இல்லை. துரை கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சீப்பை எடுத்த நேரத்தில் அங்கியின் பின்பக்கத்தை மொத்தமாகக் கையில் சுருட்டி, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினார். ஏழு வரிசைத் தையல் போட்ட கழுத்துப் பட்டி துரையின் தொண்டையில் இறங்கியது. துரைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் கழுத்தில் சத்தம் எழுப்பும் அடி எதுவும் விழவில்லை அல்லவா, அதனால் அவன் தலை வாரிக்கொண்டும், சிரித்துக்கொண்டும், பெண்கள் பக்கம் முத்தம் பறக்க விட்டுக்கொண்டும் இருந்தான்.

முன்வரிசையில் கொம்பையா தன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான்.

பேச்சிக்கனி தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடினாள். அவன் கழுத்தில் பள்ளம் விழுந்து இறங்கிக்கொண்டிருந்தது, தையல் தையலாக ஏழு வரிசை அதில் பதிந்திருந்தது, அவள் நகத்தால் பிறாண்டினாள், பல்லால் கடித்து இழுக்கக் குனிந்தாள், ஆனால் அவன் கழுத்தில் அறுப்பதற்கு எதுவும் இல்லை. மாலையைப் பிய்த்து எறிந்தாள். காப்பைப் பிடித்து இழுத்தாள். கட்டிய காப்பு ஆட்டம் முடியாமல் அவிழாது.

"ஏல! விழுந்துருல! வெயிலு, விழுந்துருல!"

பெயர் சொல்லிக் கூப்பிட்டதால்தான் அவனுக்குக் கேட்டது. துரை அப்படியே மல்லாக்க விழுந்தான். பூதம் அவன் நெஞ்சில் உட்கார்ந்தார், நடுவர் மூன்று எண்ணினார், பட்டம் கைமாறியது. கொம்பையாவின் வலது கையில் காப்பு தானாக அவிழ்ந்தது. அதற்குள் அவன் கை ஆறிப்போயிருந்தது.

மறுநாள் தர்மகர்த்தா முதல் தடவையாக அளக்கரைத் தெருவுக்குள் வந்தார். செருப்போடு வந்தார், ஆனால் வந்தார். கொம்பையா ஒரு வார்த்தை முனகாமல், எழுந்து ஓடாமல், நாற்காலியிலேயே இருந்து முடித்ததை ஊர் மெச்சுகிறது என்றார். இந்த உறுதி வேறு தெருவுக்கு வராது, ஆகவே இனிமேல் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காப்பு அளக்கரைத் தெருவின் உரிமை, மற்றப் பத்துத் தெருவும் பெரிய மனதோடு தங்கள் முறையை விட்டுக்கொடுத்துவிட்டன என்றார். திருவிழாவில் பதினோராம் நாளும் உண்டு என்றார். தெரு கொம்பையாவுக்காக அழுதுகொண்டிருந்தது, அழுதுகொண்டே தலையை ஆட்டியது. சித்திரையில் அம்மன் சப்பரம் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தெருமுனையைத் தாண்டி உள்ளே வந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். பேச்சிக்கனி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். சப்பரத்தின் வெளிச்சம் கதவு இடுக்கு வழியாக அவள் மிஷின் மேல் விழுந்து போனது.

அதற்கு முன்பே ஒரு நாள் துரை வந்திருந்தான். அத்தர் பூசவில்லை, தலை வாரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"அது ஏன்க்கா பிரியல?"

"கெட்டித் தையல் போட்டேன்."

அவன் அழுதான். அவன் கழுத்தில் ஒரு கோடுகூட இல்லை, சந்தனம் மாதிரி வழவழவென்று இருந்தது. இனி இந்த ஊரில் மேடை ஏறமாட்டேன், ஏறினால் அளத்துச் சேற்றில் தன்னைப் புதைக்கட்டும் என்றான். அவள் அவனைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை.

ஆனால் தெருப் பெரியவர்கள் வந்தார்கள். கான்ட்ராக்டர் அனுப்பி வந்தார்களா, தாங்களாக வந்தார்களா என்று எனக்குச் சொன்னவருக்குத் தெரியவில்லை. "ஒங்க அத்தான் உசிரக் குடுத்து வாங்குன நாளுடே அது," என்றார்கள். "நீ ஏறலன்னா குஸ்தி இல்ல. குஸ்தி இல்லன்னா காப்பு இல்ல. காப்பு இல்லன்னா சப்பரம் பழையபடி அங்கனயே திரும்பிரும். அவன் செத்தது வீணாப் போவட்டுமா? நீயே சொல்லு." துரை அக்காவைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தாள். வைகாசியில் கூடாரம் மறுபடி நிறைந்தது. பேச்சிக்கனி காப்பைத் தனக்குக் கட்டச் சொல்லித் தெருக்கூட்டத்தில் கையை நீட்டியதும் உண்மை. தாலி அறுத்த கைக்குக் காப்பு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குக் காப்பு, அடுத்த வீட்டுச் சந்தனமாரியின் புருஷன் இசக்கிக்கு. சனிக்கிழமை சாயங்காலம் சந்தனமாரி ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நிலைப்படியில் நின்றாள்.

"யக்கா."

"என்னட்டி?"

"அன்னைக்கு நீங்க அண்ணன்கிட்ட சொன்னது சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. ஓட்டு, கெட்டின்னு." அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு என்ன தையல்க்கா?"

பேச்சிக்கனியின் மடியில் ரோஸ் நிற அங்கி கிடந்தது. முதுகில் விரல் நீளத்துக்கு ஒன்றாக ஏழே ஏழு ஓட்டுத்தான் ஓட்டியிருந்தாள். இழுத்தால் போதும், ஊதினாலே பிரிந்துவிடும். இனி எந்தக் காலத்திலும் அவள் வேறு விதமாகத் தைக்கப் போவதில்லை. பேசியபடி கிழியட்டும், பேசியபடி விழட்டும், பதமாக விழட்டும்; அதற்கு மேல் இந்தத் தெருவுக்குத் தன் கையால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அங்கியைப் புரட்டி, ஜிகினாப் பக்கம் மேலே வரும்படி மடியில் விரித்தாள்.

"கெட்டித் தையல்தான்ட்டி. போய் நிம்மதியாச் சோறாக்கு."

சந்தனமாரி கும்பிட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒருத்தி வந்தாள், ஒவ்வொருத்தியிடமும் பேச்சிக்கனி அதையே சொன்னாள்.

என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றுதான். உவர்மங்கலத்தின் பழைய இறப்புப் பதிவேட்டை எழுதிக் கேட்டு, மூன்றாவது தடவை போனபோது பார்க்க விட்டார்கள். அந்த வருஷம் பங்குனியில் கொம்பையா, வயது முப்பத்தெட்டு, அளக்கரைத் தெரு என்று இருக்கிறது. காரணம்: பனை மரத்திலிருந்து தவறி விழுந்து. அடுத்த ஆறு வருஷத்தில் அதே தெருவில் இன்னும் ஐந்து ஆண்களுக்கு அதே காரணம், அதே கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது, இசக்கி இரண்டாவது. அலுவலகத்திலிருந்து அளக்கரைத் தெருவுக்கு நடந்தேன். உப்புத் தரை. தெருவின் கடைசி வீட்டிலிருந்து வடக்கே நடந்து, நான்காவது மைலில்தான் முதல் பனை மரத்தைப் பார்த்தேன்.